க்ரூஸில் பழைய கல்வீடு: குசினியில் ஃபோஸ் (கழிவுநீர்த் தொட்டி) நாற்றம், அடுப்பில் புகை. எதை முதலில் பார்ப்பது?

கருங்கல்வீடு எழுதியது:

வணக்கம் உறவுகளே. பிரான்சில் க்ரூஸ் மாவட்டம், கெரே பக்கம் ஒரு குக்கிராமம். குளிர் தொடங்கினதிலிருந்து ஒன்று மாறி ஒன்று தொல்லை. விபரத்தை முழுக்கத் தாறேன், எதில் கை வைக்கவேணும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

வீடு: ஐந்து அறை, கருங்கல் சுவர், 60 சென்ரிமீற்றர் தடிப்பு. கழிவுநீர் ஊர்க்குழாயில் சேராது. சொந்த ஃபோஸ், எல்லாத் தண்ணீரும் போகிற வகை, சீமெந்துத் தொட்டி, 3000 லீற்றர். கடைசியாக இறைத்த பற்றுச்சீட்டில் 2018 என்று கிடக்கு. போன கோடையில் யன்னல் எல்லாம் பி.வி.சி., இரட்டைக் கண்ணாடி. குசினியில் சுவரைத் துளைத்து வெளியே தள்ளுகிற புகை உறிஞ்சி. ஹோலில் 8 கிலோவாற் விறகுப் புவால் (மூடின இரும்பு அடுப்பு). ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் கதவு இல்லை.

பிரச்சினைகள்:

1. மேல்மாடி டொய்லெட்டில் தண்ணீர் இழுத்தால் கீழ் ஷவர் ஓட்டை 'களக் களக்' என்று சத்தம் போடுது.
2. பின்னேரம் சமைக்கிற நேரத்தில் மட்டும் ஃபோஸ் நாற்றம்.
3. புவால் கதவைத் திறந்தால் புகை அறைக்குள் வருது. கண்ணாடி இரண்டு மணித்தியாலத்தில் கறுத்துப்போகுது.
4. ஐந்து ஸ்தேர் விறகு, 33 சென்ரிமீற்றராக வெட்டினது, காசு கட்டி எடுத்தது. ஐந்து கன மீற்றர் வரும் என்று நினைத்தேன், அடுக்கி அளந்தால் மூன்றரைக் கன மீற்றர்தான். ஏமாற்றா?
5. இரவு இரண்டு மணிக்கு ஹோல் சீலிங்குக்கு மேல் யாரோ நடக்கிற மாதிரிச் சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் 'லுவார்', அணில் மாதிரி ஒரு பிராணி, என்கிறார்.

இறைக்கிற லொறியை உடனே கூப்பிடலாமா?

குழாய்வேலை எழுதியது:

லொறியைக் கூப்பிட முன்னம் கசடு எவ்வளவு என்று அளவுங்கோ. ஐந்து அறை வரைக்கும் 3000 லீற்றர் தொட்டிதான் இங்கே சட்டப்படி குறைந்தபட்சம், அதனால் உங்கட தொட்டி சின்னன் இல்லை. வருசத்துக்கொருக்கால் இறைக்கவேணும் என்று சட்டம் சொல்லவில்லை. கசடு தொட்டிக் கொள்ளளவில் பாதியைத் தொட்டால் இறைக்கவேணும், அவ்வளவுதான். நாலு பேர் இருக்கிற வீட்டில் அது பொதுவாக நாலு வருசத்துக்குப் பக்கத்தில் வரும். 2018 என்றால் அநேகமாகத் தாண்டியிருக்கும், ஆனாலும் அளந்து பார்க்கிறதுக்குக் காசு இல்லைத்தானே.

இரண்டு மீற்றர்க் கம்பு ஒன்றின் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளைத் துவாயைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கோ. மூடியைத் திறந்து கம்பை மெதுவாக அடிவரைக்கும் இறக்கி, ஒரு நிமிசம் விட்டு, மெதுவாகவே எடுங்கோ. கறுத்துத் தடித்த அடையாளம் கசடின் உயரம், அதுக்கு மேலே நனைந்த அளவு தண்ணீர். தண்ணீர் மட்டம் 1 மீற்றர் 30 என்றால், கறுப்பு 65 சென்ரிமீற்றரைத் தாண்டினால் இறைக்கிற நேரம். இந்த வேலையைத் தனியாகச் செய்யாதேங்கோ. மூடிக்கு மேலே குனிந்து முகத்தை வைக்கக் கூடாது, உள்ளே விழுந்த சாமானை எடுக்க இறங்கவே கூடாது. தொட்டிக்குள் இருக்கிற ஐதரசன் சல்ஃபைட் வாயு கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுபோச்சு என்று நினைக்கிற நேரத்தில்தான் ஆள் விழுகிறது. பிள்ளைகளும் சிகரெட்டும் தூரத்தில்.

கூட ஒரு வேலை. தொட்டியின் வெளிவாய்ப் பக்கம் எரிமலைக்கல் நிரப்பின ஒரு கூடை இருக்கும். அதுதான் முன்வடிகட்டி. அது அடைபட்டால் தண்ணீர் பின்னுக்கு ஏறும், குழாய் எல்லாம் மெதுவாக வடியும். கூடையைத் தூக்கி புல்லுத்தரையில் வைத்துக் குழாய்த் தண்ணீரால் அடித்துக் கழுவிப் போடுங்கோ. ஆறு மாதத்துக்கொருக்கால் போதும்.

இறைக்கிறதென்றால் ப்ரெஃபெக்தூர் (மாவட்ட நிர்வாகம்) அனுமதி பெற்ற ஆளைத்தான் கூப்பிடவேணும். மெரியிலோ (ஊர்ச்சபை) ஸ்பாங்கிலோ (வீட்டு ஃபோஸ்களைப் பரிசோதிக்கிற பொதுச்சேவை) பட்டியல் கேட்கலாம். ரெலிபோனிலேயே லொறி நிற்கிற இடத்துக்கும் மூடிக்கும் எத்தனை மீற்றர் என்று சொல்லிவிடுங்கோ, குழாய் எட்டாமல் திரும்பிப் போனாலும் வந்த காசு கேட்பினம். வேலை முடிய அவர் தாற 'போர்துரோ' தாளைப் பத்திரப்படுத்துங்கோ, ஸ்பாங்க் அடுத்த பரிசோதனைக்கு அதைத்தான் கேட்கும். எல்லாத்தையும் வழித்து எடுக்கச் சொல்லாதேங்கோ, அடியில் கொஞ்சம் கசடு விட்டால் நொதிப்பு கெதியாகத் தொடங்கும்.

முக்கியம்: இறைத்த உடனே தோட்டக் குழாயைப் போட்டுத் தொட்டியை நல்ல தண்ணீரால் நிரப்பவேணும். நிமிசத்துக்கு 15 லீற்றர் வருகிற குழாய் என்றால் 3000 லீற்றருக்கு மூன்று மணித்தியாலம் இருபது நிமிசம். நிரப்பாமல் விட்டால் குளிர்கால மழையில் நிலத்தண்ணீர் ஏறி வெறும் தொட்டியை மேலே தூக்கும், சுவர் வெடிக்கும், குழாய் பிடுங்கும். பிளாஸ்ரிக் தொட்டிக்கு இது இன்னும் மோசம். உங்கட இடத்தில் மார்கழி, தையில் இறைக்காமல் நிலம் காய்ந்த பிறகு இறைத்தால் நல்லது, கசடு பாதியைத் தாண்டாவிட்டால்.

எங்கட சமையலுக்கு ஒரு எச்சரிக்கை. தேங்காய் எண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே உறையும். சுடுதண்ணீரோடு சிங்கில் உருகித்தான் போகும், ஆனால் நிலத்துக்குக் கீழே பத்துப் பாகையில் கிடக்கிற குழாயில் வெள்ளை மெழுகாகப் படியும். அதோடு சோற்றுக் கஞ்சியும் தேங்காய்ப்பூவும் சேர்ந்தால் கம்பி விட்டுக் குத்தித்தான் எடுக்கவேணும். சட்டியைக் கழுவ முன்னம் கடதாசியால் துடையுங்கோ. பொரித்த எண்ணெயைப் போத்தலில் சேர்த்து தெஷெத்ரியில் (ஊர்க் கழிவு சேர்க்கிற இடம்) குடுக்கலாம். குசினிக் குழாய்க்கும் ஃபோஸுக்கும் நடுவில் பத்து மீற்றருக்கு மேல் தூரம் என்றால் ஒரு கொழுப்புப் பெட்டி, அதுதான் 'பக் ஆ க்ரெஸ்', வைக்கிறது வழக்கம். வைத்தால் அதையும் மறக்காமல் வழிக்கவேணும். ஈரத் துடைப்பான்களின் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது டொய்லெட்டுக்குப் போகக் கூடாது.

புதுவைக் கொத்தனார் எழுதியது:

குழாய்வேலை சொன்னது எல்லாம் சரி, ஆனா கேள்வியில ஒரு வரியை விட்டுட்டார். 'சமைக்கிற நேரத்தில் மட்டும்' நாற்றம். ஃபோஸ் நிரம்பினா அது சமையல் நேரம் பார்த்து நாறாது. நாற்றமும் புவால் புகையும் ஒரே காரணம்னு நான் நினைக்கிறேன்: வீட்டுக்குள்ள காற்று பத்தலை.

கணக்குப் பாருங்க. வெளியே தள்ளுற புகை உறிஞ்சி முழு வேகத்துல மணிக்கு 400-லேர்ந்து 700 கன மீட்டர் காற்றை வெளியே எடுக்கும். 8 கிலோவாட் புவால் மணிக்கு ரெண்டரைக் கிலோ விறகு எரிக்குதுன்னு வச்சா, கிலோவுக்குப் பத்துக் கன மீட்டர் காற்று வேணும், மொத்தம் இருபத்தஞ்சு. உறிஞ்சி எடுக்குறதுல பதினாறுல ஒரு பங்குக்கு மேல போகாது. பழைய மர ஜன்னல் இருந்தவரைக்கும் இடுக்கு வழியா எல்லாம் உள்ளே வந்துது. பி.வி.சி. போட்டதும் வழி அடைச்சுது. இப்போ உறிஞ்சி எங்கேர்ந்து காற்றை இழுக்கும்? சுலபமான ஓட்டையிலேர்ந்து. ஒண்ணு புகைக்கூண்டு, இன்னொண்ணு ஷவர் ஓட்டை.

ஷவர் ஓட்டைக்குக் கீழ சைஃபன் வளைவுல நிக்கிற தண்ணீர் வாயுவை அடைச்சிருக்குமேன்னு கேட்பீங்க. அங்கதான் உங்க முதல் பிரச்சினை வருது. 'களக் களக்'னா மேல்மாடி தண்ணீர் விழும்போது குழாய்க்குள்ள பின்னாடி வெற்றிடம் உண்டாகி, சைஃபன்ல இருக்குற அஞ்சு சென்டிமீட்டர் தண்ணீரைக் குடிச்சிடுதுன்னு அர்த்தம். அடைப்பு போனதும் உறிஞ்சியைப் போட்டா ஃபோஸ் வாயு நேரா உள்ளே. ரெண்டு கோளாறு சேர்ந்து ஒரு நாற்றம்.

சோதிக்க ஊதுபத்தி போதும். புவால் அணைஞ்சு ஆறியிருக்கணும். எல்லா ஜன்னலும் கதவும் மூடி, உறிஞ்சியை முழு வேகத்துல வைங்க. புவால் கதவை ரெண்டு விரல் திறந்து ஊதுபத்தியைப் பிடிங்க. புகை உள்ளே போகாம உங்க முகத்துக்கு வந்தா புகைக்கூண்டு தலைகீழா ஓடுது. அதே மாதிரி ஷவர் ஓட்டை, வாஷ்பேசின், மின்சாரச் சாக்கெட் கிட்ட கூடப் பாருங்க. அப்புறம் குசினி ஜன்னலை மூணு விரல் திறந்து திரும்பப் பிடிங்க. புகை திசை மாறினா வாதம் முடிஞ்சுது.

சரி பண்ணுறது இந்த வரிசையில:

குழாய் சுவாசம். மேல்மாடி டொய்லெட்டிலேர்ந்து இறங்குற 100 மில்லிமீட்டர் குழாய் அதே அளவுல கூரைக்கு மேல வரைக்கும் போய்த் திறந்திருக்கணும். பழைய வீடுகள்ல கூரைக்காரர் ஓடு மாத்தும்போது அதை அறுத்து பரணுக்குள்ளேயே விட்டுடுவார், இல்லைன்னா ரப்பர் வால்வு ஒண்ணைப் போட்டு மூடிடுவார். அந்த ரப்பர் ஒட்டிக்கிட்டா 'களக்' சத்தம்தான். ஃபோஸுக்குத் தனியா ரெண்டாவது குழாயும் உண்டு. வெளிவாய்ப் பக்கத்திலேர்ந்து 100 மில்லிமீட்டர், கூரை உச்சியை விட 40 சென்டிமீட்டர் உயரம், எந்த ஜன்னல்லேர்ந்தும் குறைஞ்சது ஒரு மீட்டர் தூரம், நுனியில காற்றுல சுழலுற தொப்பி. அது குருவிக் கூடு கட்டி அடைஞ்சிருக்கான்னு தொலைநோக்கியால பார்த்தாலே தெரியும். இந்தக் குழாயில 90 பாகை வளைவு வைக்கக் கூடாது, 45 ரெண்டா வைக்கணும்.

புவாலுக்குத் தனிக் காற்று. பெரும்பாலான புதுப் புவால்கள்ல பின்னாடியோ அடியிலோ 80 அல்லது 100 மில்லிமீட்டர் வாய் ஒண்ணு இருக்கும், கையேட்டுல அளவு போட்டிருப்பாங்க. கருங்கல் சுவரை வைரத்தலை உருளையால துளைக்கணும். சாதாரண அதிரடித் துளைப்பான் வச்சா 60 சென்டிமீட்டர் சுவரோட உள்பக்கம் வெறும் மண்ணும் சிறுகல்லும்தான், அப்படியே கொட்டும். வெளிப்பக்கம் லேசா சாய்வா துளைங்க, மழைத்தண்ணி உள்ளே வராது. காற்று அதிகம் அடிக்கிற திசைச் சுவர் நல்லது, மறைவுப் பக்கம் வச்சா காற்று நாள்ல அதுவே உறிஞ்சும். வலை ரொம்ப நெருக்கமா போடாதீங்க, ஒரு வருஷத்துல தூசு அடைச்சிடும்.

ஜன்னல். படுக்கையறை, ஹோல் ஜன்னல் சட்டத்துக்கு மேல 250-க்கு 15 மில்லிமீட்டர் கீறல் வெட்டிக் காற்று உள்ளே வர்ற வாய் மாட்டியிருக்கணும். ஜன்னல்காரர் அதை விட்டுட்டுப் போனது தப்பு. இப்பவும் வெட்டலாம், ஆனா உங்க ஆள் கையால பண்ணினா உத்தரவாதம் போகும், போட்டவரையே கூப்பிடுங்க.

உறிஞ்சி. வெளியே தள்ளாம கரி வடிகட்டியோட உள்ளேயே சுத்துற மாதிரி மாத்தலாம்னு சொல்வாங்க. கடுகு தாளிக்கிற வீட்டுக்கு அது சரிவராது, ஈரத்தை அது எடுக்காது, கரி மூணு மாசத்துல செத்துடும். ஜன்னல் திறந்தாத்தான் ஓடுற மாதிரி ஒரு காந்த ஸ்விட்ச் போடலாம், எனக்கு அது பிடிச்ச தீர்வு. எதுவும் செய்யுற வரைக்கும் புவால் எரியும்போது உறிஞ்சி போடாதீங்க. இது வசதிக்காகச் சொல்லலை, கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இல்லாத வாயு. புகை எச்சரிக்கைக் கருவி 2015 மார்ச் 8 முதல் எல்லா வீட்லயும் கட்டாயம், ஆனா அது இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது. அதுக்குத் தனிக் கருவி வாங்கணும்.

இன்னொண்ணு. க்ரூஸ் கருங்கல் நிலம், நிறைய ஊர்கள் ராடான் (நிலத்திலேர்ந்து வர்ற கதிரியக்க வாயு) கூடுதலா உள்ள மூணாம் மண்டலம். வீடு உள்ளே உறிஞ்சிக்கிட்டே இருந்தா நிலத்திலேர்ந்து ராடானும் வரும். வீடு வாங்கின தாள்கள்ல மண்டலம் போட்டிருக்கும். கீழ்த்தள அறையில அளவி ஒண்ணை சூடேத்துற காலத்துல ரெண்டு மாசம் வைங்க, கன மீட்டருக்கு 300 பெக்கரல் எல்லை. இதுக்கும் மருந்து காற்றோட்டம்தான்.

விறகுக்கட்டு எழுதியது:

நாலாவது கேள்விக்கு: ஏமாற்று இல்லை. ஸ்தேர் என்கிறது ஒரு மீற்றர் நீள விறகை அடுக்கின ஒரு கன மீற்றர். அதையே குட்டையாக வெட்டினால் இடைவெளி குறைந்து குவியல் சுருங்கும். 50 சென்ரிமீற்றர் என்றால் ஒரு ஸ்தேர் 0.8 கன மீற்றர். 33 என்றால் 0.7. 25 என்றால் 0.6. ஐந்தை 0.7 ஆல் பெருக்குங்கோ, மூன்றரை. உங்களுக்கு விற்றவர் ஒரு கட்டையும் குறைக்கவில்லை. அடுத்த முறை விலை பேசும்போது 'வெட்டினதுக்குப் பிறகு அடுக்கி எத்தனை கன மீற்றர், எந்த மரம்' என்று கேளுங்கோ, பிறகு சண்டை வராது. லொறியில் கொட்டினபடி கிடக்கிற கன மீற்றர் வேற கணக்கு, அதில் வெறும் காற்று கூட.

கண்ணாடி கறுக்கிறதுக்கு அநேகமாக ஈர விறகு, அதோடு காற்றுத் துவாரத்தை மூடி இரவு முழுக்கப் புகைய விடுகிறது. ஈரமானி ஒன்று வாங்கி, கட்டையைக் கோடாலியால் பிளந்து, புதுசாகப் பிளந்த முகத்தில் குத்துங்கோ. வெளித்தோலில் குத்தினால் 15 காட்டும், உள்ளே 30 இருக்கும். 20 வீதத்துக்குக் கீழே இருக்கவேணும். ஓக் மரம் பிளந்து அடுக்கி இரண்டு வருசம் கேட்கும். தட்டுப்பலகையில் நிலத்திலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து பத்துச் சென்ரிமீற்றர் விலத்தி அடுக்குங்கோ. மேலே மட்டும் மூடுங்கோ. நாலு பக்கமும் தார்ப்பாயால் சுற்றிக் கட்டுகிறது விறகுக்குச் சவப்பெட்டி.

மூட்டுகிறது மேலிருந்து. பெரிய கட்டை இரண்டு அடியில், அதுக்கு மேல் குறுக்காக நடுத்தரக் கட்டைகள், உச்சியில் விரல் தடிப்புச் சுள்ளியும் மெழுகுக் கட்டியும். காற்றுத் துவாரம் முழுக்கத் திறந்து. நெருப்பு மேலிருந்து கீழே இறங்கும், கீழ்க் கட்டை விடுகிற புகை சுவாலைக்குள்ளால் போய் எரிந்துவிடும். எங்கட ஊர் அடுப்பில் பழகின கைக்கு இது தலைகீழாகத் தெரியும். வெளியே அவ்வளவு குளிர் இல்லாத ஈர நாளில் புகைக்கூண்டு குளிர்ந்து அடைத்துக் கிடக்கும், மூட்ட முன்னம் ஒரு கடதாசித் தாளைச் சுருட்டிக் குழாய் வாயடியில் எரித்தால் இழுவை பிடிக்கும். கறுத்த கண்ணாடிக்கு மருந்து வாங்கத் தேவையில்லை, நனைத்த கடதாசியைச் சாம்பலில் தோய்த்துத் தேய்த்தால் போகும், கண்ணாடி ஆறின பிறகு. சாம்பல் மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே, இரண்டு நாளாவது. பிளாஸ்ரிக் குப்பைத் தொட்டியில் போட்டு எரிஞ்ச வீடுகள் இருக்கு.

இப்படிப் புகைந்த குழாயில் 'பிஸ்த்ர்' என்கிற கறுத்த தார் படிந்திருக்கும். அது தீப்பிடித்தால் புகைக்கூண்டு ரயில் மாதிரி இரையும். அப்போ துவாரம் எல்லாம் மூடி, தீயணைப்புக்கு 18 அல்லது 112 அடித்து, வெளியே போங்கோ. மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் குழாய் வெடிக்கும். 2023 ஒக்ரோபர் 1 முதல் வருசத்துக்கு ஒரு முறையாவது பொறிமுறை ரமோனாஜ் (தூரிகையால் புகைக்கூண்டைச் சுத்தம் செய்கிறது) நாடு முழுக்கக் கட்டாயம். சில மாவட்ட விதிகள் இரண்டு முறை கேட்கும், ஒன்று எரிக்கிற காலத்துக்குள். தாளை வைத்திருங்கோ, தீ விபத்தென்றால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்கிறது அதுதான். கடையில் விற்கிற 'ரமோனாஜ் கட்டை' தாரை உலர்த்தும், தூரிகைக்குப் பதிலாகாது.

கருங்கல்வீடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஊதுபத்திச் சோதனை: புவாலில் புகை முகத்துக்கு வந்தது, ஷவர் ஓட்டையிலும் மேலே வந்தது. குசினி யன்னலைத் திறந்ததும் இரண்டும் திரும்பிவிட்டது. பரணில் டொய்லெட் குழாய் கூரைக்கு ஒரு மீற்றர் கீழே வெட்டி, ரப்பர் தொப்பி போட்டுக் கிடக்கு. கம்பு அளவு: தண்ணீர் 1 மீற்றர் 28, கறுப்பு 49. பிளந்த கட்டையில் ஈரம் 27.

இன்னும் இரண்டு. பரண் பலகையில் கட்டைவிரல் தடிப்பில் முறுக்கின எச்சம், உள்ளே செர்ரி விதை. மற்றது, உறிஞ்சி, அவண், சுடுதண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்தால் மின்சாரம் போகுது. லிங்கி (புது டிஜிட்டல் மின்) மீற்றர், ஒப்பந்த அளவு 6 கே.வி.ஏ.

குழாய்வேலை எழுதியது:

128 இல் பாதி 64, உங்கட கசடு 49. இந்தக் குளிரில் இறைக்காதேங்கோ. வைகாசியில் திரும்ப அளந்து பாருங்கோ. கொத்தனார் சொன்னது சரி, நான் அந்த வரியைக் கவனிக்கவில்லை. ரப்பர் தொப்பியைக் கழற்றிக் குழாயை ஓட்டுக்கு மேலே நீட்டுகிறது அரை நாள் வேலை. அதுவரைக்கும் பாவிக்காத ஷவரில் வாரத்துக்கொருக்கால் இரண்டு லீற்றர் தண்ணீர் ஊற்றுங்கோ.

வீடு வாங்கும்போது தந்த ஸ்பாங்க் அறிக்கையை ஒருக்கால் எடுத்துப் பாருங்கோ. அது விற்கிற நேரத்தில் மூன்று வருசத்துக்கு உட்பட்டதாக இருக்கவேணும். 'நோன் கொன்ஃபோர்ம்' (விதிக்கு ஒத்துவரவில்லை) என்று எழுதி வேலை கேட்டிருந்தால், கையெழுத்து வைத்த நாளிலிருந்து ஒரு வருசம்தான் உங்களுக்கு அவகாசம். காற்றுக்குழாய் இல்லாததை அதிலேயே எழுதியிருக்கலாம்.

பரண்பூனை எழுதியது:

தையில் நடக்கிறது லுவார் இல்லை. லுவார் ஐப்பசியிலிருந்து சித்திரை வரைக்கும் உறங்கும், அதனால்தான் பிரெஞ்சுக்காரர் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிறவரை 'லுவார் மாதிரி' என்பினம். செர்ரி விதையோடு முறுக்கின எச்சம், ஆள் நடக்கிற மாதிரிச் சத்தம்: அது ஃபுவீன், பூனை அளவு மரநாய்ச் சாதி. சந்தேகம் என்றால் பலகையில் கோதுமை மா தூவி விடுங்கோ. பூனைக்கு நாலு விரல் பதியும், ஃபுவீனுக்கு ஐந்து.

ஐந்தாறு சென்ரிமீற்றர் ஓட்டை அதுக்குப் போதும். ஓட்டு விளிம்பு, சுவர் முடிகிற இடம், புகைக்கூண்டு அடி, அங்கே ஒட்டின மயிரைத் தேடுங்கோ. அது இருட்டினதும் வெளியே போகும், அப்போ உலோக வலையால் அடைக்கவேணும். மரப்பலகையும் நுரையும் கடித்துப்போடும். கூரையிலிருந்து இரண்டு மீற்றருக்குள் கொப்பு இருந்தால் வெட்டுங்கோ. பங்குனி, சித்திரையில் குட்டி போடும், ஆகவே மாசிக்குள் முடியுங்கோ. பிந்தினால் குட்டி உள்ளே, தாய் வெளியே, தாய் கூரை ஓடுகளைப் பிரித்துப்போட்டு வரும். நஞ்சு வைக்காதேங்கோ, கூரைக் காப்புப் பஞ்சுக்குள் செத்தால் கோடை முழுக்க நாறும், அதைத் தின்கிற ஆந்தையும் சாகும். பொறி வைக்கிறதுக்கு அனுமதி பெற்ற ஆள் வேணும், மெரியில் கேளுங்கோ. அடைக்கிற முன்னம் வௌவாலோ வெள்ளை ஆந்தையோ இருக்கா என்று பாருங்கோ, இரண்டும் பாதுகாக்கப்பட்டவை, கலைக்கக் கூடாது.

காரை அந்த மரத்துக்குக் கீழ் விடுகிறீங்கள் என்றால் இடம் மாற்றுங்கோ. எஞ்சின் வயர் கடிக்கிறதிலும் இதுக்கு ஆசை.

மின்பொறி எழுதியது:

6 கே.வி.ஏ. என்றால் 30 அம்பியர். அவண் 2500 வாற், சுடுதண்ணீர்த் தொட்டி 2200, இண்டக்‌ஷன் ஒரு வட்டம் 2000, அதிலேயே 6700. உறிஞ்சிக்கு இதில் பங்கில்லை, அது 200 வாற்றும் வராது. பழைய மீற்றர் கொஞ்சம் பொறுக்கும், லிங்கி பொறுக்காது. முதலில் எது விழுகுது என்று பாருங்கோ. லிங்கி திரையில் அளவு தாண்டினது என்று எழுதியிருந்தால், ஓடுகிறதில் ஒன்றிரண்டை நிற்பாட்டிவிட்டு '+' பொத்தானைக் கிளிக் கேட்கும்வரை அழுத்துங்கோ. மின்பெட்டியில் 30 மில்லி அம்பியர் பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்தால் அது அளவு பிரச்சினை இல்லை, கசிவு. எல்லாக் கிளையையும் இறக்கி, பிரதானத்தை ஏற்றி, ஒவ்வொன்றாக ஏற்றுங்கோ, எதில் விழுதோ அதில்தான் கோளாறு. பழைய பண்ணை வீட்டில் அது பெரும்பாலும் வெளிச் சாக்கெட்டில் புகுந்த ஈரம்.

அளவுதான் என்றால் ஒப்பந்தத்தை 9 கே.வி.ஏ.க்கு ஏற்ற முன்னம் சுடுதண்ணீர்த் தொட்டியைப் பாருங்கோ. மலிவு நேர ஒப்பந்தம் இருந்தால் பெட்டியில் அதுக்கென்று ஒரு தொடுப்பான் இருக்கும், மூன்று நிலை: 0, ஓட்டோ, 1. யாரோ 1 இல் விட்டிருப்பினம், அதால் பின்னேரமும் ஓடுது. ஓட்டோவில் வைத்தால் மலிவு நேரத்தில் மட்டும் காயும். அரைவாசி வீடுகளில் பிரச்சினை அதோடு முடியும்.

விறகுக்கட்டு எழுதியது:

27 வீதம் என்றால் அந்த மூன்றரைக் கன மீற்றரும் அடுத்த குளிருக்குத்தான். இந்த வருசத்துக்கு வேறு காய்ந்தது எடுங்கோ, அல்லது அமுக்கின மரத்தூள் கட்டை. அதில் ஈரம் பத்துக்குக் கீழே, ஆனால் புவாலில் ஒருமுறைக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு, அது சூட்டில் ஊதும். ஈர விறகோடு கலந்து எரித்துச் சமாளிக்கிறது என்றால், ரமோனாஜ்காரரை மாசியிலேயே கூப்பிடுங்கோ, ஐப்பசி வரைக்கும் விடாதேங்கோ.